காலா கில்லாவில் பதினெட்டாம் பெருக்கு

என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. அவற்றுக்கு நடுவில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ அவ்வளவுதான் எங்கள் பூகோளம். செம்பூரிலிருந்து நெருள் போகலாம். அவளுடைய தங்கை அங்கே இருக்கிறாள். மாதுங்கா போகலாம், பூவும் வாழையிலையும் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். திருச்சிக்குப் போக முடியாது. போவதானால் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். நானும் முயன்று பார்த்தேன். நான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தேன். இரண்டில் எடுக்கவில்லை. ஒன்றில் பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. நான்காவதில் பாட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது.

அவள் திருச்சிக்குப் போக ஆசைப்பட்டது காவேரிக்காக. ஆடிப் பதினெட்டன்று ஆற்றுக்குப் பூஜை செய்து, கலந்த சாதத்தை அதற்குக் காட்டிவிட்டு, கரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அதைச் சமையலறைக் குழாய்க்குத்தான் செய்துவருகிறாள். குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவைச் சுற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழே காதோலையும் கருகமணியும் வைப்பாள். எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் பதினான்கு. பதினான்கு வீட்டிலும் அன்று இதுதான் நடக்கும். காலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் நிற்பதற்குள் காவேரியும் வந்துபோய்விட வேண்டும்.

"இந்தத் தரம் ஓடற தண்ணியில பண்ணணும்" என்றாள். உடம்பு இருக்கிற இருப்பில் அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பேச்சில் எடுக்க நான் தயாராக இல்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. சாம்பல் நிறக் கல்லில், வெளிநாட்டு ராஜாக்கள் கட்டிக்கொண்ட மாதிரியில், நேற்றுக் கழுவித் துடைத்ததுபோல் ஒரு கோட்டை. கூம்புக் கூரை வைத்த கோபுரங்கள் ஏழு. சுவரை ஒட்டி ஓர் ஆறு, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தெளிவில். ஆற்றில் அன்னங்கள் ஒன்பது. கீழே தமிழில், 'மும்பை தாராவியில் மித்தி ஆற்றங்கரையில் புதுப்பொலிவு பெற்ற பழங்காலக் கோட்டை, அனைவருக்கும் பகிரவும்' என்று எழுதியிருந்தது. பதினான்கு குடும்பங்களில் பதினொரு குடும்பங்கள் கைகூப்பியிருந்தன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பது அன்னங்களில் ஒன்றுக்குக் கழுத்து இருந்தது, தலை இல்லை.

"இது பொய்ப் படம்" என்றேன்.

"தாராவியில கோட்டை இருக்கா இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. காலா கில்லா. பஸ் டெப்போவுக்கே அந்தப் பேர்தான்."

"பக்கத்துல ஆறு?"

"அது ஆறில்லை, சாக்கடை."

"எங்கேர்ந்து வரது?"

"விஹார் ஏரியிலேர்ந்து."

"எங்கே போறது?"

"மாஹிம்ல கடலுக்கு."

"ஏரியிலேர்ந்து கிளம்பிக் கடல்ல போய்ச் சேர்றது. ஏன்னா, அதுக்குப் பேர் என்ன?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றுக்கொடுப்பதில்லை. டயாலிசிஸ் நோயாளிக்குக் கிருமி ஆகாது, அழுக்குத் தண்ணீர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஊசிக்கு வழி செய்திருக்கிறார்கள். அங்கே சீழ் பிடித்தால் கழுத்தில் குழாய் போட வேண்டிவரும், அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. விடிந்ததும் எழுந்து எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து சாதமும் கலந்து டப்பாக்களில் அடைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, செருப்பு மாட்டும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் போகாவிட்டால் தனியாகப் போயிருப்பாள்.

மழை விட்டிருந்தது. ஆட்டோக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர். காலா கில்லா என்றதும் "டெப்போவா?" என்று இந்தியில் கேட்டார். டெப்போ இல்லை, கில்லாவேதான் என்றேன். கண்ணாடியில் என் மனைவியின் பட்டுப்புடவையைப் பார்த்தார். "அங்கே ஒண்ணும் இல்லையே அங்கிள்" என்றார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டப்பாப் பையை மடியில் சரிசெய்துகொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சயான் தாண்டி இணைப்புச் சாலையில் திரும்பியதுமே வாடை ஆரம்பித்தது. முதலில் பதப்படுத்திய தோல். பிறகு எரிந்த பிளாஸ்டிக், பிறகு ஏதோ சோப்பு, அதற்கடியில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு பழைய மலம். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்தேன். சாலையிலிருந்து கோட்டை தெரியவில்லை. இரண்டு தரம் அதைக் கடந்துபோனோம். மூன்றாம் தரம்தான், தகரக் கூரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மேலே கறுப்பாக ஒரு கல் விளிம்பும் அதில் முளைத்த ஆலங்கன்றும் கண்ணில் பட்டன. கோபுரங்கள் பூஜ்யம்.

ஒரு சந்துக்குள் நுழைந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். காலடியில் சிமெண்டுப் பலகைகளுக்குக் கீழே சாக்கடை ஓடும் சத்தம். மூன்று இடங்களில் பலகை இல்லை. சந்து ஒரு வீட்டு வாசலில் முடிந்தது. வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி அரிசி களைந்துகொண்டிருந்தார். பேச்சில் திருநெல்வேலி. உள்ளே சுவரில் மாதா படம், அதன் கீழே சிவப்பு மின்விளக்கு.

"யாரத் தேடுதிய?"

"கோட்டைக்கு வழி..." என்றேன்.

அவர் அரிசியிலிருந்து கையை எடுத்தார். "அந்தப் போன் படத்தப் பாத்துட்டு வந்தியளா?"

என் மனைவி ஆமாம் என்றாள். நான் இல்லை என்றேன்.

"நீங்க மூணாவது கூட்டம். போன வாரம் ஒரு சேட்டுக் குடும்பம் வந்துச்சு. அவங்க புள்ளைங்க வாத்துக்குப் போட ரொட்டி கொண்டாந்திருந்துவ. எங்க வீட்டுக் கோழிக்குப் போட்டுட்டுப் போச்சுவ." களைந்த தண்ணீரைச் சந்தில் ஊற்றினார். என் வேட்டி நுனியில் தெறித்தது. "முன்பக்கம் வாசல் கெடையாது. எங்க வீட்டு வழியாத்தாம் போணும். பின்னாடி சொவத்துல ஒரு ஒடசல் இருக்கு. செருப்பக் கழட்டாதிய, உள்ள தண்ணி நிக்கி."

அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் தயங்கினேன். எங்கள் கையில் இருந்தது நைவேத்தியம்.

"மூக்கப் பொத்திக்கிட்டு வெரசாப் போயிருங்க ஐயா. மீனு ஒங்கள ஒண்ணுஞ் செய்யாது, செத்துப் போச்சு."

என் மனைவி சிரித்துக்கொண்டே முதலில் போனாள். சித்திரான்னப் பையை அடுப்புக்கு மேலாகத் தூக்கிப் பிடித்தபடி போனாள். நான் பின்னால் போனேன், மூச்சை அடக்கிக்கொண்டு.

கோட்டைச் சுவரைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சுவர் நன்றாகவே இருந்தது. ராஜாக்கள் காலத்துக் கோட்டை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் உப்பங்கழியைக் காவல் காக்கக் கட்டிய மூன்று மூலைக் கட்டடம், அவ்வளவுதான். ஆனால் யாரோ உடைத்த அந்த ஒரு வழியைத் தவிர ஒரு கல் நகரவில்லை. துப்பாக்கி வைக்கும் துளைகளில் விளிம்பு மழுங்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டு நுழையவில்லை, நுழைத்துப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் பதின்மூன்று வருஷத்தில் ஏழு பால்கனிகள் விரிசல் விட்டிருக்கின்றன.

இவ்வளவு உறுதியான சுவருக்குள் மனிதர்கள் என்ன வைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். குட்கா பொட்டலங்கள். பீர் பாட்டில்கள், முழுசாக இருபத்திரண்டு. ஊசியோடு இரண்டு சிரிஞ்சுகள். ஒரு கம்ப்யூட்டர் திரை. பிள்ளையார் ஒருவர், தும்பிக்கை இல்லாமல், மூட்டைமேல் சாய்ந்திருந்தார். மற்றபடி மலம். அதையும் எண்ணினேன், அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. மூலையில் இரண்டு பையன்கள் ஒரு பெண்ணைச் சுவரோரம் நிறுத்தி ரீல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தரமும் முகத்தைச் சுளித்தாள். "ஸ்மைல் கர் நா" என்று, சிரிக்கச் சொல்லி ஒருவன் கெஞ்சினான். "நாற்றத்துல எப்படிடா சிரிக்கிறது?" என்று அவள் இந்தியில் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது.

"பாத்து வா. சிரிஞ்ச் கிடக்கு" என்றேன்.

"ஆஸ்பத்திரியில இல்லாத சிரிஞ்சா?" என்றாள்.

ஆற்றுப் பக்கம் மதிலுக்கு மேலே ஏற ஐந்தாறு கற்படிகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். பின்னாலேயே வந்துவிட்ட அந்தத் திருநெல்வேலி அம்மாள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து ஏற்றினோம். இடது கையைப் பிடிக்காதீர்கள் என்று நான் கத்த வேண்டியிருந்தது. மேலே நின்று பார்த்தோம். மித்தி கீழே கிடந்தது.

ஓடியது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கஷாய நிறத்தில், மேலே எண்ணெய்ப் படலத்தோடு, சேற்றுக்கு நடுவில் ஒரு குறுகிய தண்ணீர். இரண்டு பக்கமும் கருஞ்சேறு, சேற்றின் மேல் குப்பை, குப்பையின் மேல் கொக்குகள். அலையாத்திச் செடி ஒவ்வொன்றிலும் கிழிந்த பிளாஸ்டிக் பைகள், அவைதான் இலை என்பதுபோல். தெர்மகோல். ஒரு சோபா. செருப்புகள் பதினொன்று, அவற்றில் ஒன்றுக்கும் ஜோடி இல்லை. வயிறு உப்பிய ஏதோ ஒரு பிராணி, எது என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அந்த வாடையை வாயைத் திறந்தால் நாக்கில் உணரலாம். இந்தக் காட்சிக்கா இந்த உடம்போடு அழைத்துவந்தேன் என்று என்மேலும், அந்தப் படத்தை அனுப்பியவன்மேலும், இந்த நகரத்தின்மேலும் கோபம் வந்தது.

என் மனைவி நிறைய நேரம் பார்த்தாள். "இதுக்கும் வாரம் மூணு தரம் டயாலிசிஸ் பண்ணணும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பாத்தாச்சோல்லியோ? கிளம்பு."

"கிளம்பறதா? கீழே போகணும். ஒரு கை ஜலம் எடுத்துத் தலையில தெளிச்சுக்கணும்."

"எந்தக் கை?"

"இந்தக் கை" என்று வலதைக் காட்டினாள்.

நான் படிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "என்னைத் தள்ளிட்டுப் போ."

"ஏன்னா, இவ்வளவு தூரம் கூட்டிண்டு வந்துட்டு..."

"நான் கூட்டிண்டு வரலை, நீ வந்தே. ஒரு சொட்டு மேல பட்டாலும் நாளைக்கு ஜுரம் வரும். அதுக்கப்புறம் யார் ஆஸ்பத்திரியில நிக்கறது?"

"நிக்கறவாளுக்குத்தான் கஷ்டம். தெரியறது."

அந்தத் திருநெல்வேலி அம்மாள் குறுக்கிட்டார். "யக்கா, ஐயா சொல்லுதது சரிதாம். எங்க வீட்டு ஆடு சாக்கத் திங்கும், போஸ்டரத் திங்கும். இந்தத் தண்ணியில வாய் வைக்காது."

அதன்பின் என் மனைவி கீழே போகும் பேச்சை விட்டாள். ஆடு சொன்னதை ஏற்றுக்கொண்டவள் டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். மதில்மேல் இலை போட்டாள். ஐந்து சாதத்தையும் ஒவ்வொரு பிடி வைத்தாள். கற்பூரம் காற்றில் மூன்று முறை அணைந்தது, நான்காம் முறை நின்றது. ஒரு பெரிய தொன்னையில் மஞ்சள், பூ, வெற்றிலை, காதோலை, கருகமணி எல்லாம் வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, கையை நீட்டி ஆற்றில் போட்டாள்.

தொன்னை ஆற்றில் விழவில்லை. தண்ணீருக்குப் பத்தடி இந்தப் பக்கம், சேற்றில் விரித்துக் கிடந்த ஒரு நீலத் தார்ப்பாயின்மேல் போய் உட்கார்ந்தது. சாயக்கூட இல்லை. ஒரு காக்கை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"ஆச்சு" என்றேன்.

"ஆகலை. ஜலத்துல சேரலை."

"யார் பாக்கப் போறா?"

"நான் பாத்துண்டிருக்கேனே."

பூஜை முடியாமல் சாப்பிட மாட்டாள். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டிய மாத்திரைகள் மூன்று என் சட்டைப்பையில் இருந்தன. மேற்கே மறுபடி மேகம் கட்டியது. அந்தப் பக்கம் ஒரு பெரிய கழிவுக் குழாயிலிருந்து நுரை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ ஒண்ணுக்குப் போக வேண்டும். அந்தக் கோட்டையில் எல்லோரும் எங்கும் போயிருக்கிறார்கள், என்னால் முடியவில்லை.

"பர்தி ஏறட்டும்" என்றார் அந்த அம்மாள். கடல் பொங்கி ஏறுவதை இந்த ஊரில் பர்தி என்பார்கள். "தண்ணி இந்தச் சொவரு வரைக்கும் வரும். அதுவரைக்கும் இருங்க. நான் கொழம்ப எறக்கிட்டு வாரேன்."

காத்திருந்தோம். நான் ஒரு செய்தித்தாளை இரண்டாக மடித்து அவளுக்குப் போட்டேன், இன்னொன்றை எனக்கு. அவள் தொன்னையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் கொக்குகளை எண்ணினேன். முப்பத்தேழு. பிறகு செருப்புகளை மறுபடி எண்ணியபோது பதின்மூன்று இருந்தது. அதனால்தான் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டதை நான் முதலில் கண்டுகொண்டேன். மாஹிம் பக்கத்திலிருந்து ஆறு திரும்பி வந்துகொண்டிருந்தது. காலையில் கடலுக்குத் தள்ளிவிட்ட குப்பையையெல்லாம் கடல் ஊருக்கே திருப்பிக் கொடுத்தது. சோபா மெல்ல அசைந்து பக்கவாட்டில் திரும்பியது. கருஞ்சேறு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. தார்ப்பாயின் ஓரம் தூக்கியது.

என் மனைவி எழுந்து நின்றாள். நான் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

தொன்னை ஒரு சுற்றுச் சுற்றியது. தார்ப்பாயைவிட்டு நழுவித் தண்ணீரில் இறங்கி, மிதந்து, புறப்பட்டது. அதுவும் குர்லா பக்கமாக.

"தப்பான பக்கம் போறது" என்றேன். "கடலுக்குப் போகணும். இது மேலே போறது."

"போறதோல்லியோ?"

"சாயங்காலம் இதே வழியா திரும்பி வரும். இங்கேயே வந்து நிக்கும்."

"வரட்டும்" என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

சாப்பிட உட்கார்ந்தோம். அவளுக்குத் தேங்காய் ஆகாது, எலுமிச்சையும் புளியும் பேருக்கு. தயிர் சாதத்தில் நாலு கவளம் நான் அளந்து வைத்தேன். மாத்திரைகளை விழுங்க இரண்டு மடக்குத் தண்ணீர். எனக்கு அந்த இடத்தில் ஒரு பருக்கை இறங்கவில்லை, டப்பாவைத் திறந்ததுமே ஈக்கள் வந்தன. அதற்குள் அந்த அம்மாள் தட்டோடு ஏறி வந்துவிட்டார். என் மனைவி அவருக்கு ஐந்தையும் வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யக்கா, உப்புப் போட மறந்துட்டியளா?"

"எனக்கு உப்புக் கூடாது. கை அப்படியே பழகிடுத்து."

"ஒங்களுக்குக் கூடாது, சரி. ஆத்துக்குமா கூடாது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. சிரிக்காதே என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாள் கீழே போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து, புளிச் சாதத்தில் தாராளமாகத் தூவி, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மீன் கை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இருவருடைய செருப்பையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அவளைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் குளிக்க வைத்தேன். பட்டுப்புடவை வாளியில் நனைவதைப் பார்த்து என்னை என்னென்னவோ சொன்னாள். ஜுரமானியை வைத்துப் பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஊசி போடும் இடத்தில் சிவப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை முழுவதும் அவள் தூங்கினாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதை எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், ஜுரம் பார்த்தார்கள். எதுவும் இல்லை. ஊசி ஏற்றி இயந்திரத்தை ஓடவிட்டார்கள். பக்கத்துப் படுக்கையில் பாண்டுப்பிலிருந்து வரும் ஓர் அம்மாள். அவருக்கும் காவேரிக் கரைதான், கரூர்ப் பக்கம். என் மனைவி அவரிடம் ஆரம்பித்தாள். ஆறு, பர்தி, தொன்னை, உப்பு எல்லாம் சொன்னாள். நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் நடுவில் புகுந்து சோபாவையும் அந்த உப்பிய பிராணியையும் பற்றிச் சொல்லவேண்டியதாயிற்று. அந்த அம்மாள் நான் சொன்னதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"எனக்குச் சொல்லாம போயிட்டீங்களே" என்றார் அவர்.

"அதுக்கென்ன, அடுத்த வருஷம் சேர்ந்து போலாம்" என்றாள் என் மனைவி. "நான் சாதம் கலக்கறேன், நீங்க பொங்கல் பண்ணிண்டு வாங்கோ. மதில் ஏறத்தான் கொஞ்சம் கஷ்டம். இவர் பிடிச்சுப்பார்."

கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு டயாலிசிஸ் நோயாளிகள், ஊசிக் கைகள் இரண்டு, அந்தச் சிரிஞ்சுகள், அந்தப் படிகள். வாயில் வந்தது ஏராளம். அந்த இடம் அருவருப்பானது. யாரும் போகாதீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அன்று நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: அடுத்த வருஷம் ஆடிப் பதினெட்டு எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்த்துவிட்டாளா?

"நீங்கதான் பாக்கணும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.